அன்னம் போட்ட மூடி

தகரத்தின் மேல் மழையின் முதல் துளி விழுகிற அந்த 'டிண்' சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு வெல்லம் போட்ட டீயின் வாசனை வந்துவிடும், கூடவே ஒரு பயமும் வரும். இரண்டுக்கும் காரணம், எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் கையால் நானே செய்த ஒரு மூடி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் ஒரு அன்னப்பறவை நீந்திக்கொண்டிருக்கும்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அப்போது எல்லாமே கூரை வீடுகள். அம்மா கழனி வேலைக்குப் போவாள். நைனா கரும்பு வெட்டப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். ஒருமுறை வேடந்தாங்கல் பக்கம் மரக்கன்று நடும் கூலிக்குப் போனவர், கூடாரம் போட்டுத் தங்கிய யாரோ விட்டுவிட்டுப் போன அலுமினியக் கப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். கைப்பிடியை மடக்கினால் கப்போடு ஒட்டிக்கொள்ளும், விரித்தால் 'டக்' என்று நிற்கும். நான் அதை நாளுக்கு நாற்பது தடவை மடக்கி விரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதைப் போல எதுவும் மடங்கியதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு காலாண்டு விடுமுறைக்கு, திருப்புட்குழிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் மூன்று நாள் முகாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். டீச்சர் எழுதிப்போட்ட பட்டியலில் போர்வை, தட்டு, சோப்பு எல்லாம் இருந்தன. கடைசியில் 'மூடி போட்ட கப்பு ஒன்று' என்று இருந்தது. மரத்தடியில் சாப்பாடு, பூச்சி விழும், பட்டியலில் ஒன்று குறைந்தாலும் வேனில் ஏற்றமாட்டேன் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கப்பு இருந்தது. மூடி இல்லை. அதுவரை ஒருநாள்கூட வெளியூரில் தங்காத எனக்கு, அந்த மூடி இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்று ஆகிவிட்டது.

வீட்டிலிருந்த தகரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் டின்னை எத்தனை தேய்த்தும் நாற்றம் போகவில்லை. கழனியிலிருந்து வரும் பூச்சிமருந்து டப்பாவைத் தொட்டாலே அம்மா தோலை உரித்துவிடுவாள். மிச்சம் இருந்தது, கூரை விட்டத்திலிருந்து உறியில் தொங்கிய பிஸ்கட் டின் மட்டும்தான். பழைய புடவைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பாள் அம்மா. உள்ளே எங்கள் ரேஷன் கார்டும் வீட்டுமனைப் பட்டாவும். அந்தப் பட்டாவுக்காக இரண்டு வருடம் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடந்தவள் அவள். நாளைக்கு யாராவது வந்து 'இடத்தைக் காலி பண்ணு' என்றால் நீட்டுவதற்கு எங்களிடம் இருந்தது அந்த ஒரு காகிதம்தான்.

டின்னின் மூடியில் ஒரு படம் இருந்தது. நீல ஏரி, அதன் கரையில் ஓட்டு வீடு, தண்ணீரில் வெள்ளை அன்னம். காய்ச்சலில் படுக்கும்போதெல்லாம் அம்மா அந்த டின்னை இறக்கிக் காட்டுவாள். நான் அந்த ஏரிக்குள் போய்வருவேன். எங்கள் ஏரியில் எருமைதான் நீந்தும். முகாம் என்றால் இந்தப் படத்துக்குள் போவதுதான் என்று எப்படியோ என் மனதில் பதிந்துவிட்டது.

அம்மா களை எடுக்கப் போன ஒரு பகலில் டின்னை இறக்கினேன். கப்பை அன்னத்தின் மேல் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் போட்டேன். மடிப்பதற்கு விரல் அகலம் விட்டு வெளியே இன்னொரு வட்டம் போட்டேன். அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. ஆணியைக் கல்லால் அடித்துக் கோடு நெடுகப் பொத்தலாக்கி, அசைத்து அசைத்து வட்டத்தைப் பெயர்த்தேன். விளிம்பைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டினேன். கப்பு நசுங்காமலிருக்க ஈர மணலை இறுக்கி நிரப்பி, தகரத்தைக் கப்பின் வாயில் வைத்து, துணி சுற்றிய கல்லால் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டி மடக்கினேன். கைப்பிடி வரும் இடத்தில் ஒரு பல்லை எடுத்துவிட்டேன். பிடிக்குமிழுக்கு ஒரு சோடா மூடியை ஆணியால் அடித்து, ஆணியை உட்பக்கம் வளைத்தேன். மூடி கப்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்றுவரை நான் செய்த எதுவும் அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. நடுவில் ஓட்டையோடு இருந்த டின் மூடியை அப்படியே பொருத்தி, துணியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, உறியில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். முள் குத்திவிட்டது என்றேன்.

"முள்ளு குத்தினா புள்ளியாட்டம் இருக்கும். இது கோடாட்டம் கீது," என்று சொல்லிவிட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசினாள்.

முகாமில் ஏரியும் இல்லை, அன்னமும் இல்லை. ஆனாலும் மாமர நிழலும், வரிசையாக விரித்த பாய்களும், ஐம்பது பெண்களின் கலகலப்பும் கனவு மாதிரிதான் இருந்தன. என் மூடியை வாங்கிப் பார்க்காத பெண் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வெல்லம் போட்ட டீ ஊற்றி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. கப்புகளைக் கட்டைச் சுவரில் விட்டுவிட்டு எல்லோரும் பம்ப்செட் கொட்டகைக்கு ஓடினோம். மற்றவர்களுடையவை பிளாஸ்டிக் மூடிகள். என்னுடையது மட்டும் டிண் டிண் என்று பாடிக்கொண்டே இருந்தது. மழை விட்டதும் ஓடிப்போய்த் திறந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. டீயில் இன்னும் சூடு இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வாய் டீயை விழுங்கும்போது, "உத்திரமேரூர் பக்கம்தான் நல்லா இருட்டிக்கிட்டு இருக்கு," என்று டீச்சர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே ஒரு டம்ளர் டீ நனையவில்லை. அங்கே ஒழுகும் கூரைக்கு நேர் கீழே, ஓட்டை போட்ட மூடிக்குள் எங்கள் வீடே இருக்கிறது. உடனே ஊருக்குப் போகவேண்டும் என்று அழுதேன். அம்மா ஞாபகம் வந்துவிட்டதா என்று டீச்சர் சிரித்தார். வேன் மறுநாள்தான்.

மறுநாள் மத்தியானம் ரோட்டில் இறங்கி வீடுவரை ஓடினேன். கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா இல்லை. உறியை எட்டிப் பார்த்தேன். டின்னின் மேல் அம்மா சாப்பிடும் ஈயத்தட்டு கவிழ்ந்திருந்தது, அதன் முதுகில் ஒரு கல். தட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. தட்டை நகர்த்தி, முடிச்சை அவிழ்த்து, உள்ளே தடவினேன். பட்டா மொரமொரவென்று காய்ந்திருந்தது. அங்கேயே குந்தி அழுதேன்.

அம்மா வந்து, எனக்கு என் தட்டில் சோறு போட்டுவிட்டு, தனக்குப் பூவரச இலைகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நீ கெளம்பற அன்னிக்கே. அது என் முடிச்சு இல்ல," என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ கேட்டிருந்தா வாணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதனாலதான நீ கேக்கல." சோற்றைப் பிசைந்துகொண்டே, "டீ சூடு ஆறாம இருந்திச்சா?" என்றாள்.

அந்தத் தட்டு அதற்குப் பிறகு டின்னைவிட்டு இறங்கவில்லை. வெகுநாள் அம்மா இலையில்தான் சாப்பிட்டாள்.

இப்போது அதே பட்டா நிலத்தில் தளம் போட்ட வீடு இருக்கிறது, ஒழுகுவதில்லை. மாந்தோப்பு மனைகளாகிவிட்டது. கப்பைக் கல்லூரி விடுதியில் தொலைத்தேன். மூடி மட்டும் எப்படியோ என்னோடு வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது, டின்னை இறக்கி, தட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் என் மூடியை வைத்துப் பார்த்தேன். படம் சேரவில்லை. மடித்த விளிம்பின் அகலத்துக்குச் சுற்றிலும் இடைவெளி விழுந்தது. அன்னம் மட்டும் தனியாக, தன் ஏரியைத் தொடாமல் நின்றது. அதை நகர்த்தி நகர்த்திப் பொருத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மூடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, டின்னின் மேல் தன் தட்டைக் கவிழ்த்தாள்.