அடுத்தவர் பேக்கேஜில் நான் பெருக்கித் துடைத்தது

ஒருவர் மூன்று வாரமாக மெயிலுக்குப் பதில் போடவில்லை என்றால், அவருடைய பேக்கேஜுக்குள் புகுந்து சுத்தம் செய்து வைப்பது பேருதவி, பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிடும் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. அறியாப் பருவம் என்று தப்பிக்கவும் வழியில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் உலகத்தில் ஒவ்வொரு மென்பொருளையும் யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் பேக்கேஜாகக் கட்டித் தருவார். அவர்தான் மெயின்டெய்னர். இரண்டு வருடம் மல்லுக்கட்டி எனக்கும் பேக்கேஜை எல்லோருக்கும் போய்ச் சேரும்படி ஏற்றிவிடும் அப்லோடு அனுமதி கிடைத்திருந்தது. அதை வைத்து அடுத்தவர் பேக்கேஜையும் தொடலாம். ஆனால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பழுதை மட்டும் தொட வேண்டும். என்ன மாற்றினோம் என்று உரியவருக்கு எழுத வேண்டும். பத்து நாள் காத்திருப்பு வரிசையில் போட வேண்டும். அதற்குள் அவர் வந்து வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்.

திருப்போரூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் பாய் என் நண்பர். அவர் கடையில் லினக்ஸ் போட்டுக் கொடுத்த புண்ணியவான் நான்தான். லேபிள் அடிக்கிற மென்பொருள் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்தைக் கண்டாலே படுத்துக்கொண்டது. பார்த்தால் இரண்டு வரிப் பிழை. மெயின்டெய்னருக்கு எழுதினேன், பதில் இல்லை. பாய் கடை கம்ப்யூட்டரில் மட்டும் நானே திருத்திக் கொடுத்தேன். லேபிள் வந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

அடுத்த சனிக்கிழமை காலை, என் படூர் ஃபிளாட்டில் இரண்டாவது காபியோடு உட்கார்ந்தேன். இரண்டு வரியைத் திருத்தினேன். பக்கத்தில் இடைவெளிகள் கோணலாக இருந்தன, நேராக்கினேன். ஒரு பட்டியலை அகரவரிசையில் அடுக்கினேன். அவர் எழுதிய விளக்கம் பிடிக்கவில்லை, மாற்றினேன். ஒரு பழைய குறிப்பு எதற்கென்றே புரியவில்லை, தூக்கிவிட்டேன். வரிசையில் காத்திருக்கும் நாள் எத்தனை என்று கம்ப்யூட்டர் கேட்டது. பூஜ்யம் என்று போட்டு, பட்டனைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தால் மெயில். மூன்று வாரம் வாய் திறக்காத மனிதர். “உங்கள் அப்லோடைப் பார்த்தேன். பயணத்தில் இருக்கிறேன். திங்கட்கிழமை எழுதுகிறேன்.”

வணக்கம் இல்லை, அன்புடன் இல்லை. முற்றுப்புள்ளிகள் மட்டும் நன்றாக ஊன்றி வைக்கப்பட்டிருந்தன. முடிந்தது, அனுமதியைப் பிடுங்கப் போகிறார்கள். மனதுக்குள் நானே விசாரணைக் கமிஷன் அமைத்து, நானே சாட்சி சொல்லி, எனக்கு எதிராகத் தீர்ப்பும் எழுதினேன். ஆறு மன்னிப்புக் கடிதம் எழுதி அழித்தேன். ஒன்றில் என் சுகர் அளவைக்கூடக் குறிப்பிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் மாமல்லபுரத்துக் கடைகளுக்குச் சரக்கு போடக் கிளம்பியவர், என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

“இன்னா அண்ணாத்த, மூஞ்சி பேஜாரா கீது?”

எல்லாவற்றையும் சொன்னேன்.

“லேபிளு ரிப்பேர் பண்ண நீ என் கடைக்கு வர்றே. நான் டீ குடிக்கப் போன கேப்புல ரேக்கெல்லாம் மாத்தி அடுக்கிட்டீனா, உன்ன இன்னா செய்வேன்?”

“அடிப்பியா பாய்?”

“அட, அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்டேப்ளர் பின்னை எங்க வெச்சேன்னு கேக்கணும்ல? கஸ்டமர் நின்னுகினு இருப்பான்.”

“உன் லேபிளுக்காகத்தானே இவ்ளோ அவசரமா போட்டேன்.”

“என் லேபிளு போன வாரமே வந்துகினு கீதே! என் தலைல இன்னாத்துக்குப் போடறே?”

மாமல்லபுரத்தில் அவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து பார்த்தேன். ஒரு வங்கி எனக்குக் கடன் தரத் துடிப்பதாக எழுதியிருந்தது. வேறு யாரும் எழுதவில்லை.

திங்கட்கிழமை மதியம் மெயின்டெய்னர் எழுதினார். இரண்டு வரித் திருத்தம் சரியாக இருக்கிறது, நன்றி. மற்றதையெல்லாம் பழையபடி மாற்றிவிட்டேன். நீங்கள் தூக்கிய குறிப்பு ஒரு பழைய பிரிண்டருக்கானது, அது இல்லாமல் அதில் லேபிள் வராது. அடுத்த முறை பத்து நாள் வரிசையில் போடுங்கள்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.