மாஸ்டருக்கு வந்த மறதி

அந்த டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். கோபம் வந்தால் மனைவிகூட "என்ன மாஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஸ்கூல் அவளுடைய தம்பியுடையது. பெயர்ப்பலகையில் தம்பி, வண்டியில் மாஸ்டர். கிளட்சை மிதிக்கும்போது கால் நடுங்குகிறவர்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், எல்லோரையும் சத்தம் போடாமலே பழக்கிவிடுவார். "வண்டி உங்கள ஒண்ணும் கடிக்காது. நீங்கதான் அதப் பாத்துக் குரைக்கிறீங்க" என்பார்.

ஸ்கூலுக்குத் தம்பி ஒரு செயலி வாங்கினான். காலையில் போனில் பாஸ்வேர்டு போட்டால், அன்றைக்கு யாரை எந்தத் தெருவில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று வரும். ஒருநாள் ஒரே ஆளின் பெயர் இரண்டு தடவை வந்தது. மாஸ்டர் புகார் சொன்னார். செயலியைச் செய்த கம்பெனியிலிருந்து பேசியவன், "உங்க கணக்க வெச்சே செக் பண்ணிக்கறோம் சார்" என்றான். தாராளமாக என்றார் மாஸ்டர். கோளாறு சரியாகிவிட்டது. அவருடைய கணக்கு மட்டும், சோதனைக்காகக் கற்பனையாக உருவாக்கிய கணக்குகளோடு கலந்து அங்கேயே கிடந்தது.

பிறகு கம்பெனி தன் சோதனைகளையெல்லாம் கிளவுடுக்கு மாற்றியது. மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, எங்கோ ஒரு வாடகைக் கணினி தினமும் விடியுமுன் தானாகவே எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிடும். அதில் ஒரு சோதனை, தவறான பாஸ்வேர்டை ஐந்து முறை போட்டால் கணக்கு பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. அதற்கு மாட்டியது மாஸ்டரின் கணக்கு. அது பூட்டிக்கொண்டால் சோதனை வெற்றி. கம்பெனியின் திரையில் தினமும் பச்சை விளக்கு எரிந்தது.

மாஸ்டரின் போனில், "தவறான பாஸ்வேர்டைப் பலமுறை இட்டுள்ளீர்கள்" என்று வந்தது.

முதல் நாள் சிரித்துவிட்டு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுத் திறந்துகொண்டார். மறுநாளும் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும். "நான் தொடவே இல்லம்மா" என்றார் உதவி எண்ணில் பேசியவளிடம். "அஞ்சு தடவ போட்டிருக்கீங்க சார், இங்க காட்டுதே" என்றாள் அவள். அங்கே அவருக்குப் பட்டப்பெயர்கூட வைத்தாயிற்று. போன் அடித்தால், "கஜினி வந்துட்டாரு" என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள்.

தினமும் மாணவர்கள் தெருமுனையில் காத்துக் கிடந்தார்கள். ஒருநாள் பத்துப் பேர் நிற்கும்போது தம்பி கேட்டான்: "மாமா, உங்க பேராவது ஞாபகம் இருக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காவிட்டால் அதையும் வியாதி என்பார்கள்.

பாஸ்வேர்டைப் பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொண்டார். தூக்கத்தில் எழுந்து தட்டுகிறாரோ என்று மனைவி போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் எடுத்துப் பார்த்தால் அதே வாசகம். அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்கு வாய் நீளும். "சாவி எங்க வெச்சேன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எடுத்திருக்கீங்க. எடுத்ததும் மறந்து போச்சு" என்றாள். அவர் எடுத்தாரா இல்லையா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். தம்பிதான் பேசினான். மாஸ்டர் வாயைத் திறந்தபோதெல்லாம் டாக்டர் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் மண்டை மந்தமாகும். அந்த மந்தத்தில் ஒரு காலை ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே வண்டியைக் கிளப்பினார். தம்பிக்கு அது போதும். வண்டிச் சாவியை வாங்கித் தன் மகனிடம் கொடுத்தான். மாஸ்டர் ஸ்கூல் கொட்டகையில் வண்டி கழுவினார். பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலையையும் மகள் நிறுத்திவிட்டாள். "அப்பா, தப்பா நெனைக்காதீங்க. எங்கயாவது விட்டுட்டு வந்துட்டீங்கன்னா?" என்றாள். போன் மனைவியின் கைக்குப் போனது. காலையில் செயலியைத் திறந்து பார்ப்பதும் உதவி எண்ணைக் கூப்பிடுவதும் அவள் வேலையானது. திறந்தால் குணம், பூட்டினால் வியாதி என்று டாக்டர் கணக்கு வைத்திருந்தார். அவர் போனைத் தொடாமலே கணக்கு எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். நிரல்களில் இறைந்து கிடந்த பாஸ்வேர்டுகளைப் பொறுக்கி ஒரே பெட்டகத்தில் பத்திரப்படுத்துவதும், ஆளில்லாத கணக்குகளைக் களைவதும் அவளுக்குக் கொடுத்த வேலை. 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு', 'அஆஇஈ' என்று கற்பனை மனிதர்கள் வரிசையாக வந்தார்கள். நடுவில் ஒரு நிஜப் பெயர், நிஜ போன் நம்பர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு மீசைக்காரரின் படம். அந்தக் கணக்கின் வரலாற்றைத் திறந்தாள். ஒரு வருடத்து அழைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் 'மறுபடி மறந்துவிட்டார்' என்ற குறிப்பு. சிலவற்றில் சிரிக்கும் முகம்.

அந்தக் கணக்கைச் சோதனையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு மேலாளரிடம் போனாள்.

"எடுத்துட்டியா? அப்ப முடிஞ்சுது" என்றார் அவர்.

"அவருக்குச் சொல்ல வேண்டாமா சார்?"

"என்னன்னு சொல்லுவ? சொன்னா நஷ்ட ஈடு கேப்பான். வேலைய விட்டுப் போறதா இருந்தா சொல்லு."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. மதியம் மாடிப்படியில் நின்று சொந்த போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தாள். மனைவி எடுத்தாள். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டு நாளா நல்லாத்தான் தெறக்குது. மாத்திரை கேக்குதுன்னு டாக்டர் சந்தோஷப்பட்டாரு" என்றாள்.

"மாத்திரை இல்லம்மா. நாங்க அவர் கணக்க சோதனையிலேர்ந்து எடுத்ததால தெறக்குது. அவருக்கு ஒண்ணுமே இல்ல."

பிறகு, "இத எழுதிக் குடுப்பியாம்மா? எந்தம்பி வாய்வார்த்தைய நம்ப மாட்டான்" என்றாள்.

"எழுதினா எனக்கு வேலை போயிடும்மா."

"அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

மனைவி தம்பியிடம் போய்ச் சொன்னாள். "எவளோ போன்ல சொன்னாளாம். ஏன்க்கா, எம்பையன் கையில இருக்கற சாவியப் புடுங்கணும், அதானே?" என்று அவன் கேட்டான். டாக்டரோ, கேட்கிற மருந்தை நிறுத்தக் கூடாது என்று மாத்திரையைக் கூட்டினார்.

மிச்சமிருந்தது மாஸ்டர் ஒருவர்தான். கொட்டகையில் ஈரத்துணியோடு நின்றவரின் பக்கத்தில் போய் அவள் மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, அது நீங்க இல்லையாம். ஏதோ மெஷினாம். தப்புத் தப்பா அதுதான் போட்டிருக்கு."

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தப்பாகப் பிடித்த மாணவனிடம் சொல்வது போல், "இல்லம்மா. நான்தான் போட்டேன். அலமாரியத் தெறந்தது, ஒவ்வொரு தடவையா அமுக்கினது, எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

"நீங்க போடலங்க."

"அஞ்சாவது தடவ கை நடுங்கிச்சு. அதுகூட ஞாபகம் இருக்கே."

மாத்திரை வேளை வந்தது. அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.