புத்தளத்திலிருந்து வந்த அம்பு

சமாதான காலத்தில் வவுனியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நாநா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணினி மாதம் தவறாமல் பழுதாகும். போரில் குடும்பம் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலேயே தங்கிவிட்ட மகன் பஸ்ஸேறி வந்து திருத்திவிட்டுப் போவான். நாநாவுக்கு வெள்ளைத் தாடி, தோளில் துவாய். அந்தத் துவாயால் கணினிக்கு முன்னாலிருந்த கதிரையை அடிக்கடி துடைப்பார். அதில் வேறு யாரையும் இருக்க விடமாட்டார்.

நான் லினக்ஸ் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் அது. கேட்காதவர்களுக்கும் இலவச மென்பொருள் போட்டுக் கொடுப்பேன். தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நாநாவின் கணினியில் போட்டு, மகனுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்த அம்பு தானாக நகர்ந்தது.

"பாத்தீங்களா நாநா! இனி மகன் அங்கயிருந்தே திருத்துவார். வரத் தேவையில்லை."

"நல்ல வேலை செஞ்சிட்டீங்க தம்பி" என்றார். பாராட்டு என்று நம்பி, பிளேன்ரீயும் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் கூப்பிட்டார். கணினியின் மின்வயர் துண்டாக வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் விற்பனைக்கு வைத்திருந்த புதுக் குறடு.

"இதை அங்கயிருந்து திருத்தேலாதுதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏலாது நாநா."

"அப்ப மகனுக்குச் சொல்லுங்க, பெரிய பழுதெண்டு."

சொன்னேன். "நீங்க பக்கத்திலதானே அண்ணன், பாத்துச் செஞ்சி குடுங்க" என்று மகன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

நாநா கதிரையைத் துடைத்துக்கொண்டே, "எந்த பஸ்ஸுல வாறானாம்?" என்று கேட்டார்.