ஆறாவது பக்கம் திறந்த பெட்டி

சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறிகள் ஓடின. இந்தப் பக்கம் என் அத்தை கணக்குப் படித்தாள். இரண்டில் எது பெரிய தொந்தரவு என்று கேட்டால், அம்மா யோசிக்காமல் கணக்கு என்பாள். தறிக்காவது கரண்ட் போனால் ஓய்வு உண்டு.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கோயமுத்தூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டவர்களிடம் ‘குரூப்பாய்டு’ என்பாள். பக்கத்து வீட்டார் அதை டைபாய்டுக்கு உறவான ஏதோ காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு, மருந்து கண்டுபிடித்தாயிற்றா என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். “இன்னும் இல்லீங்க” என்று அம்மாவும் வருத்தத்தோடு சொல்லி வைத்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம். அந்த மாதக் கடைசியில் அத்தை ஐந்து பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று தன் ஆராய்ச்சியை விளக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒத்திகை பார்க்க வீட்டில் யாரும் உட்காரவில்லை. தேன்மிட்டாய் கிடைக்கும் என்பதால் நான் உட்கார்ந்தேன்.

மதியம் கரண்ட் போகும். எங்கள் ஊரில் அது ஒரு தனி நேரம். எட்டுத் தறியும் நிற்கும், அடுத்த வீட்டுத் தறிகள் நிற்கும், தெருத் தெருவாக ஊரே நிற்கும். அதுவரை காதுக்குள் இருந்ததே தெரியாத சத்தம் போனபின், காக்காய் கத்துவதுகூடப் புதிதாகக் கேட்கும். கூடத்திலிருந்து வந்த பஞ்சுத் தூசி ஜன்னல் வெயிலில் இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த அமைதியில் அத்தை பலகையை எடுத்து வைப்பாள். ஒத்திகையில் நான் பேராசிரியர் என்பதால் எனக்கும் ‘ங்க’ போட்டே பேசுவாள். அந்த மரியாதைக்காகவே மிட்டாய் இல்லாமலும் உட்கார்ந்திருப்பேன், ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பலகையில் ஆணிகள் அடித்திருந்தாள். ஓர் ஆணி சோமனூர், ஓர் ஆணி கருமத்தம்பட்டி, இன்னொன்று அவிநாசி. ஆணிக்கு ஆணி கட்டிய நூல்தான் ரோடு. முதல் ரோடு முடிகிற ஊரில் அடுத்த ரோடு தொடங்கினால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம், இல்லையென்றால் முடியாது. போன ரோட்டிலேயே திரும்பி வரலாம். அப்படித் திரும்பிவிட்டால் கணக்கில் நீங்கள் போகவே இல்லை. இவ்வளவுதான் குரூப்பாய்டு. இதற்கா இத்தனை வருஷம் என்று எனக்கே தோன்றியது.

“முன்னாடியெல்லாம் ஒரே ஊர்ல கெளம்பி அதே ஊருக்குத் திரும்பற ரோட்டை மட்டுந்தானுங்க எண்ணிட்டு இருந்தாங்க” என்பாள் அத்தை, என்னைப் பார்த்துக்கொண்டே. “வேற ஊருக்குப் போய்ச் சேர்றதும் ரோடுதானுங்களே?”

நான் தலையை ஆட்டுவேன். பேராசிரியர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும். சோமனூரிலிருந்து அவிநாசிக்கு இரண்டு ரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலைப் பலகைமேல் மெதுவாக நகர்த்தி இன்னொரு நூலின்மேல் படிய வைத்துவிடலாம். நடுவில் ஒரு கிணறு இருந்தால் முடியாது. நூல் கிணற்றைச் சுற்றி மாட்டிக்கொள்ளும். கிணறு இல்லாவிட்டால், நகர்த்தும்போது நூல் தடவிக்கொண்டு போகிற சோளக்காடு முழுவதும் ஒரு கணக்கு. ரோடு ஊருக்கும் ஊருக்கும் நடுவே போவதுபோல, காடு ரோட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே போகிறது. காட்டோடு காட்டை ஒட்டிப் பெரிய காடாக்கலாம். அதற்கும் மேலே போனால் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு பெட்டி வரும்.

பெட்டி வருவதற்குள் நான் தூங்கிப்போவேன். ஒரு நாள் தவறியதில்லை. அத்தையின் குரல் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கும். எனக்குள்ளே கருமத்தம்பட்டி ரோடு தார் மணக்க, புளியமரங்களோடும் பஸ்ஸோடும் மெல்ல எழுந்து, சோளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் படியும். பஸ்ஸில் இருக்கும் ஒருவருக்கும் அது தெரியாது. நான் ஏறிக்கொள்வேன். அந்தக் கனவைப் பள்ளிக்கூடம் முடியும்வரைக்கும் கண்டிருக்கிறேன்.

விளக்கிக் காட்டுவதற்காக அத்தை உண்மையாகவே ஒரு பெட்டி செய்திருந்தாள். பன்னிரண்டு மரக்குச்சிகளைக் கட்டி, ரேடியோப் பெட்டி அளவுக்கு ஒரு கூடு. அப்பாவின் கழிவு நூலில் நல்லதாகப் பொறுக்கிப் பெட்டியைச் சுற்றி ஓட்டியிருந்தாள். ஐந்து பக்கங்களில் நூல்கள் ஒன்றையொன்று தாண்டி, குறுக்கே நுழைந்து, வளைந்து போயின. ஆறாவது பக்கம் மட்டும் திறந்திருந்தது. அங்கே ஒரு விளிம்பில் பன்னிரண்டு நுனிகளும் எதிர் விளிம்பில் பன்னிரண்டு நுனிகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பஞ்சு படியக்கூடாது என்று அதை ஒரு பழைய வேட்டியால் மூடி, தன் அறைக் கட்டில்மேல் வைத்திருந்தாள்.

அப்பா அந்த அறைப்பக்கமே போகமாட்டார். கணக்கைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், “அந்தப் பக்கம் நான் போறதே இல்லீங்க” என்பார், ஏதோ ஆகாத பங்காளி வீட்டைச் சொல்வது போல. கெட்ட மனிதர் இல்லை. பெற்றவர்கள் இல்லாத தங்கையைக் கரையேற்ற வேண்டும் என்ற பாரம் அவர்மேல் இருந்தது. பெருந்துறையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், நல்ல வேலை, மாப்பிள்ளையின் மீசைகூட நன்றாகத்தான் இருந்தது. சீர் எதுவும் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கோயமுத்தூர் பஸ் ஏறக்கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்டது.

பேராசிரியர்கள் முன்னால் நிற்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா நடையில் நின்றபடியே சொன்னார்.

“அம்மணி, நாளைக்கு அந்த வாத்தியாருங்க செரின்னுட்டாங்கன்னா நீ படி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லீன்னா பெருந்துறைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துப்போடறேன்.”

“செரிங்ணா” என்றாள் அத்தை. அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை போய்விட்டால் என்னை ‘ங்க’ போட்டுப் பேச இந்த உலகத்தில் யாரும் இல்லை.

மறுநாள் காலை வெளியே பனி. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. அத்தை குளித்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அவள் அறைக்குள் போய் வேட்டியைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தேன். இருபத்து நான்கு நுனிகள் அறுந்து தொங்கின.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே ஒன்று தெரிந்துவிடும். அறுந்த இழையைக் கண்டால் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. சாப்பாட்டுக்குப் போகிற வழியில் கண்டாலும் சரிதான். இழை விட்ட துணியை, துணி வாங்குகிற கம்பெனிக்காரர் மேசைமேல் விரித்து, விரலால் தடவி, உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பிவிடுவார். பேராசிரியர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று நான் நினைத்தேன். அத்தை பாவம், முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத அழுகையில் முடிக்காமல் விட்டுவிட்டாள். இப்படியே கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெருந்துறை மீசை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

எந்த நுனிக்கு எது ஜோடி என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு நுனியை மெல்லச் சுண்டி இழுத்தால், பெட்டியெல்லாம் சுற்றி எதிர் விளிம்பில் ஏதாவது ஒன்று அசையும். அசைகிறதுதான் ஜோடி. சுண்டினேன், அசைந்தது, முடிந்தேன். குளிரில் விரல் மரத்துப்போய் முடிச்செல்லாம் கொண்டைக்கடலை போல வந்தன. பதினொன்று முடித்திருந்தபோது அம்மா வெந்நீர் ஆறுகிறது என்று கத்தினாள். ஒன்றை அப்படியே விட்டு, வேட்டியைப் போர்த்திவிட்டு ஓடினேன்.

குளித்துத் துண்டோடு வரும்போது அப்பா அத்தையின் அறையிலிருந்து வெளியே வந்தார். வாயில் ஒட்டியிருந்த நூல் பிசிறைத் துப்பினார். என்னைக் கண்டதும் கொஞ்சம் திகைத்தார்.

“ஃபேன் ஓடீட்டே கெடந்துச்சு கண்ணு, நிறுத்திப்போட்டு வாரேன்” என்றார். நான் விட்ட அந்த ஒன்றைப் பற்றிய கவலையில் இருந்த எனக்கு அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. திரும்ப அறைக்குள் நுழைவதற்குள் அத்தை வந்துவிட்டாள். வேட்டியோடு பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பனிக்குள் போய் மறைந்தாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்த ஒற்றை இழையை ஐந்து பேர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

அத்தை சாயங்காலம் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, நேராகத் தறிக்கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன். ஓடுகிற தறிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அப்பா. பெட்டி அவள் கையில் இருந்தது. அவள் வாய் அசைந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தலையை மட்டும் ஆட்டினார், கண்ணைத் துணியிலிருந்து எடுக்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துக்குள் போனால் பஞ்சு கண்ணில் விழத்தான் செய்யும்.

அவள் என்னைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. கன்னத்தைக் கிள்ளி ஒரு பன் கொடுத்தாள். பேராசிரியர்கள் சரி சொல்லிவிட்டார்கள் என்று அம்மா மூலம் தெரிந்தது. பெருந்துறைக்கு அப்பாவே ஒரு கார்டு எழுதிப் போட்டார். அத்தை இரண்டு வருஷத்தில் டாக்டரானாள். இப்போதாவது ஊசி போடுவாளா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள்.

அந்த முடிச்சுகளைப் பற்றி நான் வாய் திறக்கப் பல வருஷங்கள் ஆயின. சென்ற மாதம் கோயமுத்தூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் ஓய்வு பெற அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பீரோவின் மேல் அந்தப் பெட்டி. நூலெல்லாம் பழுப்பேறியிருந்தது. “நான்தானுங்கத்தை முடிஞ்சது” என்றேன், ஒன்பது வயதுக் குரலில்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்” என்று சிரித்தாள்.

அப்புறம்தான் அன்று நடந்ததைச் சொன்னாள். ஐந்து பேருக்கு முன்னால் வேட்டியை விலக்கியதும் அவளுக்கு உயிரே நின்றுவிட்டதாம். அந்த நுனிகளை அவர்கள் கண்முன்னே தானே முடிந்து காட்டுவதுதான் அவள் வைத்திருந்த விளக்கம். பெட்டிக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்றால், ஐந்து பக்கம் தெரிந்தபின் ஆறாவது பக்கம் ஒரே ஒரு விதமாகத்தான் அமைய முடியும். நான் எப்போதும் தூங்கிப்போகிற இடம் அதுதான். அத்தை நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் போக வேண்டிய இடத்துக்கே போயிருந்தன. “இந்த முடிச்சை நான் போடலீங்க. இந்தக் கணக்குல ஒரு எழுத்தும் தெரியாதவங்க எங்க ஊட்டுல முடிஞ்சிருக்காங்க. வேற விதமா முடிய அவங்களுக்கும் வழியில்லீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டாளாம். பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து ஒவ்வொரு நூலாகச் சுண்டிப் பார்த்தாராம்.

“பதினொண்ணு உன்னுது கண்ணு. கடலையாட்டம் இருக்குது. இதைத் தடவிப் பாரு.”

பன்னிரண்டாவது நூலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. கண்ணை மூடி விரலை ஓட்டியபோதுதான் ஓரிடத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஏதோ தட்டியது. முடிந்த கையோடு நுனியைப் பல்லால் கடித்துத் துப்பியவரின் முடிச்சு. எங்கள் கூடத்தில் அப்படி முடிச்சுப் போட ஒருவரால்தான் முடியும். அவர் போய் ஆறு வருஷமாகிறது.

“பஸ்ல திரும்பி வரும்போதுதான் இந்த முடிச்சைப் பாத்தேன். கூடத்துக்குப் போய், ‘முடிச்சு நின்னுச்சுங்ணா’ன்னு மட்டும் சொன்னேன். கைப் பழக்கத்துல முடிஞ்சாரா, மனசார முடிஞ்சாரான்னு அண்ணனை நான் கேக்கவே இல்லை” என்றாள் அத்தை. அவள் கண் கலங்கியது. அந்த வீட்டில் பஞ்சு கிடையாது.

எனக்கும் தெரியாது. ஆனால் கைப் பழக்கம் இழையைக் கண்ட பிறகுதான் வேலை செய்யும். வேட்டியைத் தூக்கினால்தான் இழை தெரியும். அந்தப் பக்கம் போவதே இல்லை என்ற மனிதர், பார்க்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கையின் கணக்கைத் தூக்கிப் பார்க்கப் போயிருக்கிறார்.

அன்று மார்கழிப் பனி. நான் ஈரத்துண்டோடு பல் கிட்டிக்க அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்று அப்பா சொன்னார். நான் நம்பினேன்.