சித்தப்பாவின் பத்து மணிக் கையெழுத்து

மகனின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஈரச் சுண்ணாம்பும் மருந்துத் துணியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் பீளமேட்டில், எட்டு வயதில், சித்தியின் மாவுக்கட்டில் பேனாவால் பூ வரைந்துகொண்டிருந்தேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் சித்தி வீடு. சித்தப்பா மில்லில் சூப்பர்வைசர். என்னைச் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டியவர். அவர் அடித்துச் சித்தியின் கை உடைந்த அன்று, அம்மா அவளைக் கட்டோடு மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனாள். சித்தப்பா பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தார். மில்லில் சஸ்பெண்ட் செய்தார்கள். ஜாமீனில் வந்த பிறகு தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அவருக்குப் போலீசில் உத்தியோகம் கிடைத்துவிட்டதென்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவைத்தேன்.

பிறகு மாமா வந்தார், சித்திக்கு அண்ணன். “மூணு வருசம் உள்ள போட்டுட்டாங்கன்னா மில்லுல திருப்பி எடுப்பாங்களா? யோசிச்சுப் பாரு கண்ணு.” வந்தவர்கள் எல்லாரும் சித்தியைத்தான் யோசிக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் சித்தி ஸ்டேஷனுக்குப் போய், “கேசை வாபஸ் வாங்கிக்கறனுங்க” என்றாள். இன்ஸ்பெக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க அம்மணி, நெனச்சாத் திருப்பி வாங்கறதுக்கு இதென்ன எரவல் குடுத்த இட்லிக் குண்டாவா? புகார்தான் உங்களுது. கேஸ் சர்க்காருது. எதுவானாலும் கோர்ட்டுல சொல்லிக்கங்க.”

அடுத்த வருடம் கோர்ட்டில் சொன்னாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள். யாரும் அடிக்கவில்லை என்றாள். சர்க்கார் வக்கீல் அவளைப் பிறழ்சாட்சி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு சித்தப்பாவை விடுதலை செய்தார்கள்.

மாமா எல்லாருக்கும் கரும்புச்சாறு வாங்கித் தந்தார். கேஸ் ஜெயித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தோம். அம்மா மட்டும் தொடவில்லை; அந்த டம்ளரும் எனக்கே கிடைத்தது.

கோர்ட் வாசலில் இன்ஸ்பெக்டரம்மா நின்றிருந்தார். பொய் சொன்னதற்குத் திட்டப் போகிறார் என்று நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் திட்டவில்லை. சித்தப்பா முன்னால் நடக்கட்டும் என்று காத்திருந்து, சித்தியின் தோளைத் தொட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். அவ்வளவு நேரம் கல்லாக நின்றவள் உடைந்து அழுதாள். திட்டாதவரைப் பார்த்து ஏன் அழ வேண்டும்? அது புரிய எனக்கும் ஒரு கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா சொன்னதில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

“மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா வெக்கப்படாம வந்துரு கண்ணு. இன்னைக்கு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்காது.”