கழுகுக்குப் போட்ட கும்பிடு

போன வாரம் கனகம்மாசத்திரம் தாண்டும்போது காருக்குள் ஒரு நாற்றம் புகுந்தது. சாலையோரம் செத்துக் கிடந்த எருமை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றினாள். நான் பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எருமையைச் சுற்றி நாலு நாய்கள்தான்.

அந்த நாற்றத்துக்கும் என் தாம்பத்தியத்துக்கும் சம்பந்தம் உண்டென்றால் சிரிப்பீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் எனக்கு வாத்தியார் வேலை. மலைக்குப் பின்புறம் வாடகை வீடு, கொல்லையில் பெரிய புளியமரம். தை மாதம், என் மனைவி கமலாவுக்கு ஆறு மாதம். முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டதால், பயந்து பயந்துதான் நாளைக் கடத்தினோம். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வீட்டுக்கு மேலே ஒரு பெரிய பறவை வட்டமிடும். கருடன், நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போட வெட்கம்.

ஒரு வாரம் கழித்து, மாட்டுத்தோல் வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டுக் காசிம் பாய் பார்த்துவிட்டார். "இன்னா வாத்தியாரே, பொணந்தின்னிக் கழுகுக்கா கும்பிடு போட்டுகினு கீறீங்க? ஒங்க புளியமரத்துலதான் கூடு கட்டிக்கீது!"

அவர் சிரித்தார், நான் உள்ளே ஓடிப்போய்க் கமலாவைப் பார்த்தேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா வேறு, "அது கூடு கட்ன வூட்ல தொட்டில் ஆடாது" என்றாள். வகுப்பில் மூடநம்பிக்கை கூடாது என்று பாடம் நடத்துகிறவன், மறுநாளே மரம் வெட்ட ஆளைக் கூட்டிவந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

கமலா போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். "ஒரு வாரமா கும்பிட்டீங்களே, அப்ப நல்லது, இப்ப கெட்டதா? ரெண்டும் மாத்தி மாத்தி அடைகாத்துகினு இருக்குதுங்க. வருசத்துக்கு ஒரே முட்டைதானாம், பாய் சொன்னாரு. அதுவும் போச்சுன்னா அதுங்க இன்னா பண்ணும்?" கடைசியில் அவள் குரல் உடைந்துவிட்டது. கோடாலிக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு உண்மையான பிரியம் வந்தது.

சித்திரையில் குஞ்சு பறந்தது. அதே மாதம் மகள் பிறந்தாள்; தொட்டில் நன்றாகவே ஆடியது.

இப்போது எங்கள் பக்கம் அந்தக் கழுகு ஒன்றுகூட இல்லை. மாட்டுக்கு வலி தெரியாமலிருக்கப் போட்ட ஊசிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றுவிட்டதாம். மகள் படித்துச் சொன்னாள். யாரும் கெடுதல் நினைத்துப் போட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முட்டையிடும் ஜாதி எத்தனை சாவைத்தான் ஈடுகட்டும்? கமலாவும் போய்ப் பத்து வருஷமாகிறது. கோடாலி கண்ணுக்குத் தெரிந்தது, அவள் குறுக்கே நின்றாள். இந்த ஊசியை எந்தத் தொழுவத்தில், எப்போது போட்டார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியவே இல்லை.