மச்சான் வாய் மூடியிருந்த ஐப்பசி

என் அக்காளைக் கட்டிய மச்சான் உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தொழிலுக்கு அவ்வளவு குரல் எதற்கோ தெரியாது. ஆனால் ஒரு காளையின் சுழியை அவர் புகழ ஆரம்பித்தால் சந்தையின் மறுகோடியில் நிற்கும் பசுவும் காதைத் திருப்பும். வீட்டில் உப்புக் கேட்பதற்கும் அதே குரல்தான்.

ஒரு புரட்டாசியில் அது கம்மிப்போனது. மிளகும் சித்தரத்தையும் மென்று பார்த்தார். கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போது நான் மதுரையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். அக்காள் அவரை பஸ் ஏற்றி என்னிடம் அனுப்பிவைத்தாள்.

நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய டாக்டர், மச்சானின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்தார். நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை விளக்குச் சுடரில் சூடுகாட்டி உள்ளே விட்டு, "ஈ" சொல்லச் சொன்னார். முதலில் குமட்டல்தான் வந்தது. ஒருவழியாக அது அடங்கியதும், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மச்சான் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னார். நானும் தோளோடு ஒட்டி எட்டிப் பார்த்தேன்.

நாக்கின் வேருக்குப் பின்னால், சுருண்ட வெற்றிலைக் கொழுந்து போல ஒரு மூடி. சோறு விழுங்கும்போது அது சாய்ந்து மூச்சு வழியை மறைக்குமாம். அதற்கும் கீழே வெள்ளையாக இரண்டு நாண்கள். மூச்சு இழுத்தால் கவட்டை போல விரிந்தன. "ஈ" என்றால் நெருங்கின, ஆனால் ஒட்டவில்லை. இரண்டின் விளிம்பிலும் எதிரெதிரே சின்ன முடிச்சு. மண்வெட்டி பிடித்த கை காய்ப்பது மாதிரி, கத்திக் கத்திக் காய்த்திருக்கிறது என்றார் டாக்டர். நாண் எவ்வளவு நீளம் என்று நான் கேட்டேன். தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. உள்ளே கோயில் மணி மாதிரி ஏதாவது தொங்கும் என்று நினைத்திருப்பார் போல.

"இம்புட்டுத்தானா மாப்ள?" என்று காற்றாலேயே கேட்டார்.

ஐப்பசி முடியும்வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்பது உத்தரவு. அவரை ஊரில் கொண்டுபோய் விட்டு நான் இதைச் சொன்னதும் அக்காள் அழுதாள். மறுநாள் முதல், கல்யாணமான நாளாகச் சொல்ல இடம் கிடைக்காததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

அந்த மாதம்தான் அக்காள் மகளைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து வந்தார்கள். முன்பு வந்த ஒரு மாப்பிள்ளையின் நடையைப் பற்றி மச்சான் சந்தைப் பேச்சில் அபிப்பிராயம் சொல்லி, அந்த இடம் கலைந்திருந்தது. இந்தத் தடவை சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, எதற்கும் நிதானமாகத் தலையசைத்தார். அவர் இப்போது பேசுவதில்லை என்று நான் சொன்னேன். பொய் இல்லையே.

"இப்படி அடக்கமான சம்பந்தி யாருக்கு வாய்க்கும்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அன்றே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் குரல் வந்துவிட்டது, கொஞ்சம் கீறலோடு. தையில் கல்யாணப் பந்தியில், கடைசி வரிசைக்கு ரசம் வரவில்லை என்று மச்சான் ஒரு சத்தம் போட்டார். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். சம்பந்தி இலையிலிருந்து நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். நான் அப்பளத்தை நொறுக்குவதில் கவனமாக இருந்தேன். பிறகு கை கழுவுமிடத்தில், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அக்காள் மட்டும் அவ்வப்போது, எதற்கும் அந்த டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவாள். மச்சான் போகவே இல்லை.